திருகோணமலையில் உருளைக்கிழங்கு: பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் கணக்கு

கேள்வி இதுதான்: "நிலாவெளியில் வெங்காயம் செய்கிறேன். இரண்டு ஏக்கர் தோட்டக்காணியும் கிணறும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு நன்றாக வருகிறது, அங்கேயும் இங்கேயும் வெயில் ஒன்றுதானே? வெப்பம் தாங்கும் இனங்களும் இப்போது வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் உருளைக்கிழங்கைப் பெரிய அளவில் செய்யலாமா?"

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் ஆறுதலாகப் பார்ப்போம். நிலாவெளிக் கரையில் இரண்டு ஏக்கருக்கு உருளைக்கிழங்கு போடாதீர்கள். கடலை விட்டு உள்ளே, பன்குளம், கந்தளாய், கோமரங்கடவலப் பக்கம், தண்ணீர் தேங்காத மேட்டுக்காணியும் நல்ல கிணறும் உள்ளவர்கள், மார்கழிக் கடைசியில் நட்டுப் பங்குனியில் கிண்டும் கணக்கில் சில பேர்ச் அளவுக்குச் செய்து பார்க்கலாம். மாவட்டம் முழுவதும் விரிவாக்கம் என்று யாராவது விதை பங்கிட வந்தால், அந்த இடத்தின் இரவு வெப்பநிலைக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் தொடங்கும் திட்டத்தின் செலவு கடைசியில் விவசாயியின் தலையில்தான் விழும்.

உருளைக்கிழங்குச் செடி கிழங்கு வைப்பதா, வெறும் இலையாக வளர்வதா என்பதை மண்ணுக்குள் இருக்கும் பகுதி தீர்மானிப்பதில்லை. அது இலையில் தீர்மானமாகிறது. பகல் குறுகி, இரவு குளிர்ந்தால் இலையில் எஸ்பி6ஏ என்றொரு புரதம் கூடுதலாக உருவாகும். அது தண்டு வழியே இறங்கி, மண்ணுக்குள் படுத்து ஓடும் கிளைகளின் நுனிக்குப் போய், "நீட்டியது போதும், இனிப் பெருத்துக்கொள்" என்ற செய்தியைக் கொடுக்கும். வெப்பம் கூடினால் அந்தப் புரதம் குறைகிறது. அதே நேரத்தில் செடியை நீட்டி வளர்க்கும் ஜிபரலின் கூடுகிறது. அதனால் கிளை ஓடிக்கொண்டே இருக்கும், நுனி பெருக்காது. சில நுனிகள் மண்ணை விட்டு வெளியே வந்து இலை விட்டு இன்னொரு செடியாகவே நின்றுவிடும்.

கிழங்கு பெருப்பதற்கு நல்ல வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியஸ். இரவு 20 பாகையைத் தாண்டத் தாண்ட விளைச்சல் இறங்கும். 25 பாகையை நெருங்கினால் நாம் வழக்கமாகக் காணும் இனங்களில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கிழங்கே வைக்காது. பகலில் 30 பாகை அடித்தாலும் இரவு குளிர்ந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். இரவு சூடாக இருந்தால் முடியாது, ஏனென்றால் பகலில் இலை சேர்த்த மாவை இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். பகல் முழுக்க உழைத்த கூலியை வீட்டுக்கு வரும் வழியிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வருவது போலத்தான். இலை பச்சையாக நிற்கும், கிழங்குக்குப் போவதற்கு மிச்சம் இருக்காது.

இனி எங்கள் ஊரைப் பார்ப்போம். திருகோணமலைப் பட்டினத்தில் தை மாதத்துப் பகல் 28 பாகை அளவில்தான், அது பெரிய சூடு கிடையாது. ஆனால் அதே மாதத்தில் இரவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 24 பாகை. வருடத்திலேயே மிகக் குளிரான மாதத்தில் இதுதான் நிலை. கடல் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டே இருக்கிறது, வாடைக்காற்று அந்த ஈரச்சூட்டைக் கரைக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் விடியப்புறம் வெங்காயத்துக்கு இறைக்கப் போகும்போது உடம்புக்குக் குளிர்வது போல இருக்கும். அது காற்றும் ஈரமும் செய்யும் வேலை. வெப்பமானியைப் பார்த்தால் 24 தான் காட்டும். நிலாவெளி, குச்சவெளி, இறக்கக்கண்டி, சாம்பல்தீவு எல்லாம் இதற்குள் அடக்கம்.

கடலை விட்டு உள்ளே போனால் கதை கொஞ்சம் மாறும். அனுராதபுரத்தில் தை மாத இரவு 21 பாகையை ஒட்டி இறங்குகிறது. கந்தளாயும் பன்குளமும் கரைக்கும் அனுராதபுரத்துக்கும் இடைப்பட்டவை. மழை விட்டு வானம் தெளிந்த தை, மாசி இரவுகளில் தரைச்சூடு மேலே போய்விடும், புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடக்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்று சொல்வது உள்நாட்டுக்காரனுக்குத்தான் நன்றாகப் புரியும். கரைக்கும் உள்ளுக்கும் உள்ள இந்த இரண்டு மூன்று பாகை உங்கள் வெங்காயத்துக்கு ஒரு பொருட்டே கிடையாது. உருளைக்கிழங்குக்கு அதுதான் எல்லாமே.

யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம், புத்தூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு செய்வது உண்மைதான், நல்ல விளைச்சலும் எடுக்கிறார்கள். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெங்காயம், மிளகாயோடு உருளைக்கிழங்கும் சேர்ந்துதான் வலிகாமத்துத் தோட்டக்காரர்களை நிமிர்த்தியது. ஆனால் அவர்களிடம் இருந்த மூன்று வசதிகளைப் பாருங்கள். தை மாத இரவு எங்கள் கரையைவிட ஓரிரு பாகை குறைவு. செம்மண், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், அதனால் கார்த்திகையிலேயே நடலாம். பிறகு, அந்தக் காலத்தில் வெளிக் கிழங்கு வந்து விலையை அடிக்கவில்லை. முதல் இரண்டும் நிலாவெளியில் இல்லை, மூன்றாவது இன்று நாட்டில் யாருக்குமே இல்லை. அதோடு யாழ்ப்பாணமும் உருளைக்கிழங்குக்கு எல்லைக்கோட்டு இடம்தான். தை மாசியில் பனி குறைந்து சூடு முந்திக்கொண்ட வருடங்களில் அங்கேயும் கிழங்கு சிறுத்துப்போகும்.

சிலர் வங்காளதேசத்தைக் காட்டுவார்கள். அங்கே கடல்மட்டத்துக்கு ஒட்டிய சமவெளியில் வருடத்துக்கு ஒரு கோடி தொன் அளவுக்கு உருளைக்கிழங்கு விளைகிறது. இந்தியாவிலும் பெரும்பகுதி மலையில் விளைவதில்லை, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார் என்று கங்கைச் சமவெளியில்தான் விளைகிறது. வெப்பநாட்டுச் சமவெளியில் முடியும் என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சமவெளிகளில் தை மாதத்து இரவு 10 பாகை அளவுக்கு இறங்குகிறது. பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். உருளைக்கிழங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? வியட்நாமின் செவ்வாற்றுக் கழிமுகத்திலும் இரண்டு நெல்லுக்கு நடுவே குளிர்காலத்தில் போடுகிறார்கள், அதுவும் வடக்கே 21 பாகை அகலக்கோட்டில். நாங்கள் 8½ பாகையில், கடல் சூழ்ந்த தீவில் இருக்கிறோம். உருளைக்கிழங்கின் தாய்வீடான பெருவும் பொலிவியாவும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கின்றன என்று ஒருவர் என்னோடு வாதாடினார். வரைபடத்தில் அது சரி. ஆனால் அங்கே அது வளர்வது அந்தீஸ் மலையில் 3,000 மீற்றருக்கு மேலே. எங்கள் நாட்டிலும் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, ஊவா பரணகம என்று உயரத்தைத் தேடித்தான் அது போயிருக்கிறது.

எங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகல் குறுகியது, மார்கழியில் 11 மணி 40 நிமிடம் அளவுதான். குறும்பகல் கிழங்கு வைப்பதைத் தூண்டும். ஐரோப்பாவில் 16 மணிநேரப் பகலில் மெதுவாகக் கிழங்கு வைக்கும் இனம் இங்கே வந்தால் முந்திக்கொண்டு வைக்கும். வெப்பம் பிடித்து இழுக்க, குறும்பகல் தள்ளிக்கொடுக்கிறது. இந்த உதவி இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில்கூட ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் முந்தி வைக்கும் செடி சின்னதாகவே நின்றுவிடும், ஆகவே மலைநாட்டு விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

அடுத்த சிக்கல் காலம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்க்கிறது. நவம்பர், டிசம்பரில் மாதத்துக்கு 350 மில்லிமீற்றர் அளவில் வரும். அந்த ஈரத்தில் விதைக்கிழங்கைப் புதைத்தால் முளை வரும் முன்பே அழுகும். மழை விடட்டும் என்று தை நடுப்பகுதி வரை பொறுத்தால், 90 நாள் பயிர் சித்திரையில் போய் நிற்கும். கிழங்கு பெருக்க வேண்டிய நாட்கள் பங்குனிச் சூட்டில் மாட்டிக்கொள்ளும். நட்டு ஒரு மாதத்தில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம்தான் பெருக்கும் காலம். அந்த ஆறு வாரம் தைப் பிற்பகுதியிலிருந்து பங்குனி முதல் வாரத்துக்குள் விழ வேண்டும். பின்னோக்கி எண்ணினால் நடுகைக்குக் கிடைப்பது டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் ஜனவரி முதல் சில நாட்களும்தான். அந்த இடைவெளியில் ஒரு தாழமுக்கம் வந்து நான்கு நாள் பெய்தால் அந்த வருடத்துக் கதை முடிந்தது. சிறுபோகத்தில் செய்யலாமா என்று கேட்க வேண்டாம். கச்சான்காற்று வீசும் மாதங்களில் பகல் 34, 35, இரவு 26. வெலிமடைக்காரர் சிறுபோகத்தில் வயலில் போடுவது அவர்களுடைய உயரத்துக்கு.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உங்கள் கரை மணல் கிழங்குக்கு இளக்கமானது, கிண்ட இலகு, ஆனால் நடுப்பகலில் மேல்மணல் கொதிக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்காது. உள்நாட்டுச் செங்கபில மண் ஈரத்தில் குழையும், காய்ந்தால் கல்லாகும். மாட்டெரு நிறையப் போட்டு மேட்டுப்பாத்தி கட்டினால்தான் கிழங்கு உருண்டு வரும். வெருகல், மூதூர்ப் பக்கத்து ஆற்றுவண்டல் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நாங்கள் நட வேண்டிய அதே மார்கழியில்தான் மகாவலி பெருகி அங்கே ஏறும். கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதியுங்கள். உருளைக்கிழங்கு உப்பை அவ்வளவு தாங்காது, மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். கடலோரக் கிணறுகள் மாசிக்குப் பிறகு உவர்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், சரியாகக் கிழங்கு பெருக்கும் நேரம் அது.

இப்போது நான் அதிகம் பயப்படும் விடயத்துக்கு வருகிறேன்: வாடல் நோய். ரல்ஸ்ரோனியா என்ற பற்றீரியா மண்ணில் இருந்து வேருக்குள் போய், தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். மலைநாட்டிலும் இது இருக்கிறது, ஆனால் மண் 25 பாகைக்கு மேல் சூடாக இருக்கும் இடத்தில் இதன் ஆட்டம் வேறு. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றிலும் இதே கிருமிதான் வாழ்கிறது. எங்கள் தோட்டங்களில் வெங்காயம் இல்லாத நேரத்தில் இவைதானே நிற்கின்றன? மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிக்கு நாங்கள் காசு கொடுத்து வாங்கிய விதைக்கிழங்கைத் தீனியாகப் போடுகிறோம்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுப்பகலில் ஒரு செடி மட்டும் தலை சாய்ந்து, இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கும். பின்னேரம் கொஞ்சம் நிமிரும். அடுத்த நாள் நிமிராது. அந்தச் செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டுமுகம் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள், அசைக்க வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற வெள்ளை இழை நூலாக இறங்கும். அந்த இழை முழுக்கக் கிருமி. கிழங்கைக் குறுக்கே வெட்டி அழுத்தினால் தோலுக்கு உள்ளே ஓடும் வளையத்தில் வெள்ளைச் சீழ் துளி துளியாக வரும். இதைப் பார்த்துவிட்டால் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம், அடிக்க மருந்து கிடையாது. செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, அந்தக் குழிக்குச் சுண்ணாம்பு போட்டு, அந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டும். வரம்பு வரம்பாகத் தண்ணீர் பாய்ச்சும் எங்கள் இறைப்பு முறையில் ஒரு செடியின் நோய் முழு வரிசைக்கும் ஓடிவிடும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அந்தக் காணியில் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கையும் மறந்துவிடுங்கள். நெல்லும் சோளமும் வெங்காயமும் போடலாம். வயலாகத் தண்ணீர் கட்டி வைத்த மண்ணில் இந்தக் கிருமியும் வேர்முடிச்சுப் புழுவும் நன்றாகக் குறையும். வேர்முடிச்சுப் புழு மணல்காணியின் நிரந்தரக் குடியிருப்பாளர், கிழங்கின் தோலில் பரு பருவாக வந்து விலை போகாமல் செய்துவிடும்.

காசுக் கணக்குக்கு வருவோம், விரிவாக்கம் பேசுபவர்கள் அதிகம் தொடாத பகுதி இதுதான். ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ விதைக்கிழங்கு வேண்டும், எங்கள் வழக்கில் சொன்னால் 16 முதல் 20 அந்தர். வெங்காயத்துக்கும் விதைச் செலவு உண்டு, ஆனால் இது வேறு அளவு. மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதியை விதையே தின்றுவிடும். விதைக்கிழங்கின் விலை சந்தைக் கிழங்கைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு கிலோ விதை நடுவதற்கு இரண்டு கிலோ கிழங்கின் விலை போகிறது. உழவு, பசளை, மருந்து, இறைப்பு, கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டு கிலோ. ஆக, விதையைப் போல நான்கு மடங்கு எடுத்தால் கை கடிக்காது, அவ்வளவுதான். மூன்று மாத உழைப்புக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் ஆறு ஏழு மடங்காவது வர வேண்டும். மலைநாட்டில் நல்ல தோட்டக்காரருக்கு எட்டு, பத்து மடங்கு வரும். 24 பாகை இரவில் வெங்காயக் கரையில் மூன்று மடங்கு வந்தாலே அதிசயம்.

விதையை ஒருமுறை வாங்கிவிட்டு, விளைந்ததில் சின்னக் கிழங்கை எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாமே என்பீர்கள். முடியாது. பங்குனியில் கிண்டிய கிழங்கை மார்கழி வரை ஒன்பது மாதம் வைக்க 2 முதல் 4 பாகைக் குளிர்க்களஞ்சியம் வேண்டும். கூரையின் கீழ் 30 பாகையில் வைத்தால் சில கிழமைகளில் முளைக்கும், சுருங்கும், நடு கறுக்கும், அந்துப்பூச்சியின் புழு கண்ணுக்குள் துளைத்துக் கொண்டு போகும். அதைவிட முக்கியம், சூடான இடத்தில் அழுக்கணவன் பூச்சி மூலம் இலைச்சுருள் வைரசும் 'வை' (Y) என்ற வைரசும் செடிக்குள் ஏறி, கிழங்கு வழியே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். வெளியே பார்த்தால் நல்ல கிழங்கு போலத்தான் இருக்கும், நட்டால் விளைச்சல் பாதி. அதனால் ஒவ்வொரு வருடமும் புதிய விதை வாங்கியே ஆக வேண்டும். பிடுங்கிய கிழங்கை விற்கும் நேரத்தையும் பாருங்கள்: யாழ்ப்பாணத்துக் கிழங்கு வெளியே வருவதும் அதே மாசி பங்குனியில், இந்தியாவின் பெரிய அறுவடையும் அதே நேரம். இறக்குமதி வரியை அரசாங்கம் கூட்டினால் தப்பலாம், குறைத்தால் தம்புள்ளைச் சந்தையில் உங்கள் மூடை கிடந்து முளைக்கும். வேறொருவர் கொழும்பில் எடுக்கும் முடிவில் தொங்கும் பயிர் இது.

வெப்பம் தாங்கும் இனங்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பொய் இல்லை. பெருவின் லீமாவில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பல வருடங்களாக வெப்பநிலச் சமவெளிக்கென்றே கலப்பினங்களை எடுத்து வருகிறது. இந்தியாவில் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006இல் குஃப்ரி சூர்யா என்ற இனத்தை வெளியிட்டது, இரவு 20 பாகையைத் தாண்டினாலும் கிழங்கு வைக்கும் தன்மை அதற்கு உண்டு. இந்தியச் சமவெளியில் அதன் பயன், குளிர் வரும் முன்பே புரட்டாதியில் முந்தி நட்டு முந்திச் சந்தைக்குக் கொண்டுபோவது. அதைக் கவனியுங்கள்: அங்கே சூடு பயிரின் தொடக்கத்தில் மட்டும், பிறகு குளிர் வருகிறது. எங்களுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை சூடு, அதுவும் கடைசியில் கூடிக்கொண்டு போகும். "வெப்பம் தாங்கும்" என்றால் இரண்டு மூன்று பாகை கூடுதலாகப் பொறுக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று பாகை பன்குளத்தைக் காப்பாற்றலாம், நிலாவெளியைக் காப்பாற்றாது. தவிர, இந்த இனங்களை நாமே பையில் போட்டுக் கொண்டுவர முடியாது, கூடவும் கூடாது. தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் அனுமதி வேண்டும். நுவரெலியாவில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற முட்டைப்பைப் புழு எப்படி மண்ணில் குடியேறி இன்றுவரை போகாமல் இருக்கிறது என்று தெரிந்தவர் யாரும் அந்த விளையாட்டுக்குப் போகமாட்டார். இங்கே கிடைப்பதில் கிறனோலாவைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், முந்தி யாழ்ப்பாணத்தில் ரெட் லா சோடாவும் செய்தார்கள். எது கிடைத்தாலும் நாள் குறைந்த இனத்தைக் கேளுங்கள்.

சரி, உள்பகுதியில் உறவுக்காரர் யாராவது செய்து பார்க்க விரும்பினால் எப்படிச் செய்வது? இந்த மாரியிலேயே ஒன்றும் நடாமல் ஒரு வேலை செய்யுங்கள். உயர்ந்த, குறைந்த வெப்பநிலை இரண்டையும் பதியும் வெப்பமானி ஒன்றை வாங்கி, காணியின் நடுவே நிழலில் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டு, தை முதலாம் திகதியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை ஒவ்வொரு நாளும் காலையில் கொப்பியில் எழுதுங்கள். மண்ணில் நான்கு அங்குல ஆழத்தில் இன்னொன்று, பின்னேரம் 3 மணிக்குப் பாருங்கள். தை, மாசியில் பெரும்பாலான இரவுகள் 22க்குக் கீழே இறங்கினால் அடுத்த மாரியில் நட்டுப் பார்க்கலாம். 23க்கு மேலேயே நின்றால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள், எந்த இனமும் உங்களுக்கு உழைக்காது.

நடும்போது முழுக் கிழங்காக, முட்டை அளவில் உள்ளதை நடுங்கள். பெரியதை வெட்டி நடுவது மலையில் சரி, எங்கள் சூட்டு மண்ணில் வெட்டுக்காயம் அழுகும், கத்தி வாடல் கிருமியைக் கிழங்குக்குக் கிழங்கு கடத்தும். பரவலான வெளிச்சம் விழும் திண்ணையில் ஒரு அடுக்காகப் பரப்பி, கட்டையான தடித்த பச்சை முளை வந்த பிறகே நட வேண்டும். முளைத்த கிழங்கு வயலில் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும், ஒரு வாரம் எங்களுக்குப் பெரிய சொத்து. வரிசைக்கு வரிசை 60 சென்றிமீற்றர், செடிக்குச் செடி 25. நட்டவுடன் வைக்கோலை ஒரு சாண் தடிப்பில் மூடுங்கள். வைக்கோலின் கீழே நடுப்பகலில் கையை விட்டுப் பாருங்கள், பக்கத்து வெறும் மண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கைக்கே தெரியும். வங்காளக் கழிமுகத்தில் நெல்லறுத்த ஈர வயலை உழாமலே கிழங்கை மண்ணின் மேல் வைத்து, தடிப்பாக வைக்கோல் போட்டு, கடைசியில் வைக்கோலைப் புரட்டிக் கிழங்கைப் பொறுக்குகிறார்கள். உப்பு மேலே ஏறுவதும் குறைகிறது. தம்பலகாமத்தைச் சுற்றி நெல்லறுத்ததும் எரித்துவிடும் வைக்கோலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் வைக்கோல் மண்ணைத்தான் குளிர்விக்கும், இலைக்கு மேலே நிற்கும் இரவுக் காற்றைக் குளிர்விக்காது. ஆகவே இதை நம்பிக் கடற்கரையில் நட வேண்டாம்.

யூரியாவில் கை இறுக்கமாக இருங்கள். சூடும் தழைச்சத்தும் சேர்ந்தால் செடி இலையாகவே போகும். ஒரு தோட்டத்தில் இடுப்பளவு வளர்ந்து, பச்சைப் பசேல் என்று நின்ற உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோசம். 70ஆம் நாள் ஒரு செடியைப் பிடுங்கினோம். வெள்ளைக் கிளைகள் முழ நீளத்துக்கு ஓடியிருந்தன, அவற்றின் நுனியில் நெல்லிக்காய் அளவில் நான்கைந்து. ஒரு கிழங்கின் முனையில் இன்னொரு கிழங்கு கோத்துக்கொண்டு சங்கிலி போல இருந்தது, அது சூட்டில் நின்று நின்று வளர்ந்ததின் அடையாளம். மண் அணைக்கும்போது போட்ட இரண்டாவது யூரியாவைப் போடாமல் விட்டிருந்தால் கிழங்கு கொஞ்சமாவது பெருத்திருக்கும். பொட்டாசுக்கு எம்.ஓ.பீ.யை (பொட்டாசியம் குளோரைட்டு) விட சல்பேற் வகை நல்லது, குளோரைட்டும் உப்புத்தான். இறைப்பைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள், இரவுக்குள் மண் குளிரும். 75 நாளுக்குப் பிறகு பகல் 32ஐத் தாண்டத் தொடங்கினால் இலை பச்சையாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், கொடியை அறுத்துவிட்டுப் பத்து நாள் தோல் முற்றவிட்டுக் கிண்டுங்கள். அதற்கு மேல் மண்ணில் கிடக்கும் கிழங்கு பெருக்காது, உள்ளே பழுப்புப் புள்ளி விழும், மண்ணுக்குள்ளேயே முளைக்கும்.

உங்கள் இரண்டு ஏக்கருக்கு நான் சொல்வது வேறு. கிழங்குதான் வேண்டுமென்றால் வற்றாளை (சர்க்கரைவள்ளி) இருக்கிறது. 24 பாகை இரவில் அது சந்தோசமாகப் பெருக்கும், மணலை விரும்பும், நடுவதற்குக் கொடித்துண்டு போதும், ஏக்கருக்கு 20 அந்தர் விதைக்குக் கடன்படத் தேவையில்லை. மூன்றரை நான்கு மாதத்தில் கிண்டலாம். செம்மஞ்சள் சதையுள்ள வகைகளில் உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து நிறைய உண்டு, ஆபிரிக்காவில் அவற்றைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். கூன்வண்டுதான் அதன் எதிரி. கொடிக்கு மண் அணைத்து வெடிப்பில்லாமல் வைத்து, நேரத்துக்குக் கிண்டிவிட்டால் அதையும் சமாளிக்கலாம். வெங்காயத்துக்குப் பிறகு அதே பாத்தியில் கத்தரிக்குப் பதிலாக வற்றாளை வந்தால் வாடல் கிருமிக்கும் ஓய்வு கொடுத்த மாதிரி ஆகும்.

உங்கள் சங்கத்தில் பேச்சு வந்தால், விதை மானியம் கேட்பதற்கு முன் இரண்டு விடயம் கேளுங்கள். ஒன்று, மாவட்டத்தின் உட்பகுதியில் நான்கைந்து இடத்தில் மூன்று மாரிக்கு இரவு வெப்பநிலையோடு சேர்த்துப் பரீட்சார்த்தப் பாத்தி போடச் சொல்லுங்கள். வெப்பநிலத்துக்கென்று எடுத்த இனங்களைச் நுவரெலியாவின் சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையமும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து அங்கே நட்டுக் காட்டட்டும். மற்றது, கிளாசில் தண்ணீர் வைத்துப் பார்க்கும் அந்த வாடல் சோதனையை, உருளைக்கிழங்கு வரும் முன்பே, இப்போது நிற்கும் கத்தரி, தக்காளித் தோட்டங்களில் செய்து, எந்தக் காணியில் கிருமி இருக்கிறது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டாம், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் பத்துத் தோட்டம் முடித்துவிடலாம். வெங்காயம் கிண்டி முடிந்ததும் அவரைக் கூப்பிடுங்கள், கத்தரி நன்றாக நிற்கும் அந்த மாதங்களில்தான் வாடலும் கண்ணுக்குத் தெரியும்.